விறகை எப்போது பிளப்பது?

போன வருசம் வாய்க்கால் மேட்டில் நின்ற சீமைக்கருவேல மரங்களைத் தை மாசம் சாய்ச்சோம். துண்டு போட்டதோடு சரி. காயட்டும், அப்புறம் பிளந்துக்கலாம்னு விட்டுட்டேன். ஆடியில் கோடாலியோடு போனால் கட்டை இரும்பாகக் கிடக்கிறது. ரெண்டு நாளில் கோடாலிப் பிடி ஒடிஞ்சதுதான் மிச்சம். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஈரம். ஐப்பசி மழையில் அதை ஊதி ஊதி வீட்டுக்காரம்மாவுக்குக் கண்ணெல்லாம் சிவந்துபோச்சு. சோம்பல் என்னுது, புகை அவங்களுக்கு.

மரத்துக்குள் இருக்கும் தண்ணீரைப் பட்டை வெளியே விடாது. அறுத்த முனை வழியாகவும் பிளந்த பக்கம் வழியாகவும்தான் அது போகணும். அதனால் பச்சையாக இருக்கும்போதே, வெட்டிய ஒரு வாரத்துக்குள் பிளந்துவிடுங்கள். பெரும்பாலான மரங்கள் அப்போது சுலபமாகப் பிளக்கும். தை, மாசியில் பிளந்தால் பங்குனி, சித்திரை வெயில் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

முதலில் முள்ளைக் கழித்துவிட்டு, அடுப்புக்குத் தக்கபடி 1 அடி, 1¼ அடி நீளத்தில் அறுங்கள். இரண்டு முனையும் தாங்கி நிற்க நடுவில் அறுத்தால் கட்டை தொய்ந்து ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். அறுபடுகிற துண்டு தாங்கலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும்.

பிளப்பதற்கு அடியில் ஒரு புளியங்கட்டை வேண்டும், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வருகிற உயரத்தில். கசாப்புக் கடைக்காரர் புளியங்கட்டையை வைத்திருப்பது சும்மா இல்லை, அது லேசில் பிளக்காது. தரையில் வைத்துப் பிளந்தால் குறி தப்பிய கோடாலி காலுக்குத்தான் வரும். காலை அகட்டி நேராக நில்லுங்கள். ஒரு காலை முன்னால் வைக்காதீர்கள். செருப்பு போதாது, ஷூ போடுங்கள்.

பருத்த கட்டையை நடுவில் அடிக்கக் கூடாது. ஓரத்திலிருந்து பத்தை பத்தையாகப் பெயர்த்து வரணும். சின்னக் கட்டை என்றால் முனையில் தெரிகிற வெடிப்பிலேயே அடியுங்கள். கணு இருந்தால் அது கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். பழைய டயருக்குள் கட்டையை நிறுத்திப் பிளந்தால் துண்டுகள் சிதறாது; குனிந்து பொறுக்குகிற வேலையும் மிச்சம்.

மரம் வெட்டுகிற மெல்லிய கோடாலி கட்டைக்குள் சிக்கிக்கொள்ளும். பிளக்க, கன்னம் பருத்த கோடாலிதான் நல்லது. அதுக்கும் மசியாத கட்டைக்கு இரும்பு ஆப்பும் சம்மட்டியும். ஆப்பின் தலை காளான் மாதிரி விரிந்திருந்தால் அரத்தால் ராவிவிடுங்கள். இல்லாவிட்டால் அடிக்கும்போது இரும்புச் சில்லு தெறித்துக் கண்ணில் பாயும். நார் பின்னிக் கிடக்கிற வேம்பு, புளி முண்டுகளோடு மல்லுக்கட்டாதீங்க. நெல் அவிக்கிற அடுப்புக்கு முழுசாகவே போகட்டும்.

அடுக்கும்போது கல் வைத்து அரை அடி தூக்கி அடுக்குங்கள், கறையான் ஏறாது. மேலே மட்டும் தகரமோ கீற்றோ போதும். தார்ப்பாயால் சுற்றி மூடினால் ஈரம் உள்ளேயே புழுங்கும். ரெண்டு துண்டை எடுத்துத் தட்டிப்பாருங்கள்: காய்ந்தது கணீர் என்கும், ஈரமானது மொத்தென்று கேட்கும். அடுக்கிலிருந்து எடுக்கும்போது குச்சியால் தட்டிவிட்டுக் கை வையுங்கள், தேள் இருக்கும்.

விழுகிற பட்டையும் சிராயும் தென்னை வட்டப்பாத்திக்கு மூடாக்கு. கருவேல முள்ளை மட்டும் பொறுக்கிவிடுங்கள். எங்க டிராக்டர் டயர் ஒண்ணு அதுக்குப் பலியாச்சு.