முகவரியை எங்கே வெட்டுவது?

தரைவழித் தொலைபேசி எண்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சென்னைக்குக் குறியீடு 044, திருநெல்வேலிக்கு 0462, தென்காசிக்கு 04633. முன்னால் நிற்கும் பூஜ்யம் வெளியூர் அழைப்புக்கு அடையாளம், அவ்வளவே. அதை நீக்கிவிட்டால் சென்னைக்கு 2 இலக்கம், நெல்லைக்கு 3, தென்காசிக்கு 4. ஆனால் ஊர்க் குறியீட்டையும் வீட்டு எண்ணையும் சேர்த்து எண்ணினால் எல்லா ஊருக்கும் 10 இலக்கம்தான். ஆகவே வீட்டு எண்ணுக்குச் சென்னையில் 8 இலக்கம் மிஞ்சுகிறது, தென்காசியில் 6. பெரிய ஊருக்கு வீடுகள் அதிகம் அல்லவா? அதனால் ஊரின் பங்கைச் சுருக்கி வீட்டின் பங்கை நீட்டியிருக்கிறார்கள்.

கணிப்பொறிகளுக்கும் இப்படித்தான் முகவரி தரப்படுகிறது. 192.168.10.77 என்பது போன்ற ஐ.பி. முகவரியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது நான்கு எண்கள்போல் தோன்றினாலும் கணிப்பொறிக்கு அது 32 பிட் கொண்ட ஒரே எண். படிக்க எளிதாக இருக்கட்டும் என்று எட்டெட்டு பிட்டாக நறுக்கி, நடுவே புள்ளி வைத்து எழுதுகிறோம். இந்த 32 பிட்டின் முன்பகுதி தெருவைக் குறிக்கும். பின்பகுதி வீட்டைக் குறிக்கும். இரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே விழுகிறது? வலையமைப்புச் சான்றிதழ்த் தேர்வு எழுதுகிறவர்கள் பலர் வழுக்கி விழும் இடம் இதுதான். விழுந்தவர்களில் நானும் ஒருவன்.

பள்ளிப்படிப்பு முடித்தவுடனே எழுதக்கூடிய இத்தகைய தேர்வுகள் சில உண்டு. சிஸ்கோ நிறுவனம் 1998இல் தொடங்கிய சி.சி.என்.ஏ. ஒன்று, காம்ப்டியா அமைப்பின் நெட்வொர்க் பிளஸ் மற்றொன்று. பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இரண்டுக்கும் இல்லை. நெட்வொர்க் பிளஸ் தேர்வில் 90 நிமிடத்தில் 90 கேள்விகள் வரை வரும். மதிப்பெண் அளவு 100 முதல் 900 வரை. 720 பெற்றால் தேர்ச்சி. கட்டணம் பல ஆயிரம் ரூபாய். தோற்றால் திரும்பவும் முழுக் கட்டணம் கட்ட வேண்டும்.

எங்கள் கல்லூரியில் வலையமைப்பு ஆய்வகம் தொடங்கியபோது, இயற்பியல் துறையில் இருந்த என்னைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். சான்றிதழ் இல்லாமல் மாணவர் முன் நிற்கக் கூச்சமாக இருந்தது. புத்தகத்திலிருந்த அட்டவணையை உருப்போட்டேன்: 255.255.255.128 என்றால் 128 முகவரி, 192 என்றால் 64, 224 என்றால் 32. தேர்வில் கேள்வி சற்றே மாற்றிக் கேட்கப்பட்டதும் அட்டவணை முழுவதும் குழம்பிப்போயிற்று. தோற்றேன். நாற்பது வயதுக்கு மேல் தேர்வில் தோற்றதை வீட்டில் சொல்லவே இரண்டு நாள் ஆயிற்று.

அந்த வாரமே ஆய்வகத்திலும் ஒரு தொல்லை. ஒரே சுவிட்சில் பொருத்திய இரண்டு கணிப்பொறிகள். முதலாவதின் முகவரி 192.168.10.130, இரண்டாவதின் முகவரி 192.168.10.77. ஒன்றிலிருந்து மற்றொன்றை அழைத்தால் பதிலே இல்லை. கம்பியை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன். பாதி நாள் போயிற்று. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி எட்டிப் பார்த்து, "சார், ரெண்டுலேயும் மாஸ்க் வேற வேறயா இருக்கே" என்றாள்.

சப்நெட் மாஸ்க் என்பதும் ஒரு 32 பிட் எண்தான். அதில் முதலில் தொடர்ச்சியாக 1கள். பிறகு தொடர்ச்சியாக 0கள். 1 உள்ள இடமெல்லாம் தெரு, 0 உள்ள இடமெல்லாம் வீடு. முகவரியோடு மாஸ்க்கை வைத்துப் பிட் பிட்டாகப் பெருக்கினால் தெருவின் எண் கிடைக்கும். இயற்பியல் பாடத்தில் வரும் 'அண்ட்' கேட் செய்கிற வேலையே இது. இரண்டாவது கணிப்பொறியின் மாஸ்க் 255.255.255.192. கடைசித் துண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்:

77 = 01001101
192 = 11000000
விடை = 01000000, அதாவது 64

எனவே 77ஆம் எண் கணிப்பொறி தன் தெரு 64இல் தொடங்குவதாக நினைக்கிறது. வீட்டுக்கு மிஞ்சியது 6 பிட், 64 முகவரிகள், 64 முதல் 127 வரை. முதல் எண் தெருவின் பெயர். கடைசி எண் தெரு முழுவதற்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்புவதற்கானது. ஆக, குடியிருக்க 62. இப்போது 130ஐ அதே மாஸ்க்கோடு பெருக்கிப் பாருங்கள்: 10000010, 11000000, விடை 128. அது வேறு தெரு!

முதல் கணிப்பொறியின் மாஸ்க்கோ 255.255.255.0. அதன் கணக்கில் 0 முதல் 255 வரை எல்லாம் ஒரே தெரு. ஆகையால் அது 77க்கு நேராகவே செய்தி அனுப்பியது; செய்தி போயும் சேர்ந்தது. ஆனால் 77 பதில் எழுத உட்கார்ந்தபோது, "130 பக்கத்துத் தெருக்காரர், ரௌட்டர் வழியாகத்தான் அனுப்ப வேண்டும்" என்று முடிவு செய்தது. அந்த ஆய்வகத்தில் ரௌட்டரே இல்லை. கேள்வி போகிறது, பதில் வரவில்லை. கம்பியில் குற்றமே இல்லை! மாஸ்க்கைத் திருத்தினேன், அடுத்த நொடியே பதில் வந்தது.

பதில் வருகிறதா என்று பார்க்க நாங்கள் பயன்படுத்திய 'பிங்' கட்டளையை மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983 டிசம்பரில் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனார் கருவியின் ஒலிதான் அந்தப் பெயர். எதிரொலியைப் பாடமாக நடத்துகிற எனக்கு இதில் தனி மகிழ்ச்சி.

அன்றிரவே அட்டவணையைக் கிழித்துப் போட்டேன். தினமும் காலையில் பத்து முகவரி, பத்து மாஸ்க். காகிதத்தில் 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று எழுதிக்கொண்டு கணக்குப் போட்டேன். மூன்று வாரத்தில் காகிதம் தேவைப்படவில்லை. இரண்டாம் முறை தேறினேன்.

பாடத்தில் மற்றவையும் உண்டு. ஓ.எஸ்.ஐ. மாதிரியின் ஏழு அடுக்குகள், 22, 53, 80, 443 முதலிய போர்ட் எண்கள், கம்பிகளின் வகைகள். இவற்றுக்கு மனப்பாடம் போதும், ரயிலில் படித்துவிடலாம். ஒன்று மட்டும் செய்யுங்கள்: சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் இரண்டு கணிப்பொறிகளையும் ஒரு சுவிட்சையும் வைத்து, என் ஆய்வகத்துப் பிழையை நீங்களே வேண்டுமென்று செய்து பாருங்கள்.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. முகவரி 172.16.45.200, மாஸ்க் 255.255.240.0. இங்கே கோடு மூன்றாவது துண்டின் நடுவில் விழுகிறது; என்னைக் கவிழ்த்த வகை இதுதான். 45ஐயும் 240ஐயும் இரும எண்களாக எழுதிக்கொண்டு தொடங்குங்கள். தெரு 172.16.32.0, கடைசி முகவரி 172.16.47.255, கணிப்பொறிகளுக்குத் தரக்கூடியவை 4,094 என்று வந்தால் சரி. 2,046 என்று வந்தால் கோட்டை ஒரு பிட் வலப்புறம் தள்ளிப் போட்டிருக்கிறீர்கள்.