புகையில்லா வண்டியும் பாலாற்றுப் பாடமும்

நுழையும்முன்

பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, பணிக்குச் செல்லும் தாய், கடையிலிருந்து வரும் அரிசி மூட்டை என ஒரு குடும்பத்தின் அன்றாடத் தேவைகள் அனைத்தையும் ஓர் இருசக்கர வண்டி சுமக்கிறது. அவ்வண்டி இப்போது பெட்ரோலிலிருந்து மின்சாரத்துக்கு மாறிவருகிறது. இம்மாற்றத்தை நாம் எவ்வாறு எடைபோடுவது? தோல்தொழிலால் வாழ்வு பெற்று, அதனாலேயே ஆற்றின் தூய்மையை இழந்த வேலூர், ஆம்பூர்ப் பகுதியின் பட்டறிவு இவ்வினாவுக்கு விடைகாணத் துணைசெய்கிறது.

குடும்பத்தைச் சுமக்கும் வண்டி

சென்னையையும் பெங்களூருவையும் இணைக்கும் நெடுஞ்சாலையை ஒட்டி, பாலாற்றுப் படுகையில் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் அமைந்துள்ளன. தோல் பதனிடுதலும் காலணி தயாரித்தலும் இப்பகுதியின் முதன்மைத் தொழில்கள். ஒரே வேலூர் மாவட்டமாக இருந்த இந்நிலப்பரப்பு, 2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது.

காலணித் தொழிற்கூடங்களில் பணிபுரிவோருள் பெரும்பான்மையோர் பெண்கள். காலை வேளையில் அவர்களுள் பலர் நிறுவனப் பேருந்துகளில் செல்கின்றனர். பலர் இருசக்கர வண்டிகளில் செல்கின்றனர். அவ்வண்டி ஒருவர் மட்டும் செல்லும் ஊர்தியாக இருப்பது அரிது. பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட வேண்டும். திரும்பும்போது காய்கறியும் தண்ணீர்க் குடுவையும் எரிவாயு உருளையும்கூட அதில்தான் வர வேண்டும்.

நம் நாட்டுச் சாலைகளுக்கு இத்தகைய சுமைவண்டி புதியதன்று. ஓசூரில் 1980இல் உருவான டிவிஎஸ் 50, இருவர் அமர்ந்து செல்லத்தக்க இந்தியாவின் முதல் மொபெட் ஆகும். அதன் வழிவந்த எக்ஸ்எல் வண்டியைத் தமிழ்நாட்டின் எந்தச் சந்தையிலும் காணலாம். பின்னிருக்கையைக் கழற்றினால் அது சுமைத்தட்டாகும். கால்வைக்கும் இடத்தில் மூட்டை ஏறும். பால்காரர், பூ விற்பவர், உழவர், சிறுவணிகர் அனைவர்க்கும் அது குடும்ப வண்டியாகவும் தொழில் வண்டியாகவும் விளங்குகிறது.

ஐரோப்பாவில் இதே தேவை வேறொரு வடிவம் பெற்றது. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் 1984இல் 'கிறிஸ்டியானியா' என்னும் சுமைமிதிவண்டி உருவாக்கப்பட்டது. அதன் முன்புறத்தில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் பிள்ளைகளும் பொருள்களும். இன்று அத்தகைய மிதிவண்டிகள் பல மின்மோட்டாருடன் வருகின்றன. பெற்றோர் அவற்றில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச்செல்வது அந்நகரின் வழக்கமான காட்சி.

மின்சாரத்துக்கு மாறும் சக்கரம்

தமிழ்நாட்டில் மின்வண்டித் தொழிலின் முன்னோடிகளுள் ஒருவர் ஹேமலதா அண்ணாமலை. அவர் 2008இல் கோயம்புத்தூரில் ஆம்பியர் நிறுவனத்தைத் தொடங்கினார். மின்மிதிவண்டிகளும் மின்ஸ்கூட்டர்களும் சுமைவண்டிகளும் அங்கு உருவாயின. பின்னர் வேறொரு நிறுவனத்தின் பகுதியான ஆம்பியரின் பெரிய உற்பத்திக்கூடம் 2021 நவம்பரில் இராணிப்பேட்டையில் திறக்கப்பட்டது. தோலுக்குப் பெயர்பெற்ற ஊர் மின்வண்டிக்கும் ஊராயிற்று. தமிழ்நாட்டின் நகரங்களில் வீடுவீடாகக் குப்பை சேகரிக்கும் பேட்டரி வண்டிகளும் மின்சாரச் சுமைவண்டிகளே.

மின்வண்டி ஏன் சிக்கனமானது என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் உள்ளது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி, 100 கிலோமீட்டர் செல்ல 2 லிட்டர் பெட்ரோலை, அதாவது ஏறத்தாழ 18 யூனிட் ஆற்றலைச் செலவிடும். அதே தொலைவை மின்ஸ்கூட்டர் ஏறத்தாழ 3 யூனிட்டில் கடந்துவிடும். பெட்ரோல் எந்திரம் தான் பெறும் ஆற்றலின் பெரும்பகுதியை வெப்பமாக வெளியேற்றிவிடுகிறது. மின்மோட்டாரோ பெறும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இயக்கமாக மாற்றுகிறது.

சுமை ஏற்றுவோர்க்கு வேறொரு நன்மையும் உண்டு. நின்ற நிலையிலேயே மின்மோட்டார் முழுத் திருப்புவிசையைத் தரும். எனவே, சுமையுடன் நிற்கும் வண்டி தயங்காமல் நகர்கிறது. ஆனால், சுமை கூடினாலும் மேட்டில் ஏறினாலும் விரைவைக் கூட்டினாலும் ஒருமுறை மின்னேற்றத்தில் செல்லும் தொலைவு குறையும். விளம்பரத்தில் கூறப்படும் தொலைவு வேறு. பிள்ளையும் மூட்டையும் ஏறிய வண்டி செல்லும் தொலைவு வேறு. வாங்கும் முன்னர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

தெரியுமா?

மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும் குறைவாகவும் உச்ச விரைவு மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மிகாமலும் இருக்கும் மின்வண்டிகளுக்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை என்பது இந்திய விதி. இவ்வரம்பைக் கடக்கும் மின்வண்டிகள் மற்ற மோட்டார் வண்டிகளைப் போலவே கருதப்படும்.

வாயிற்படியில் நேர்ந்த துயரம்

மின்வண்டி வீட்டுக்குள் ஒரு புதிய பொறுப்பையும் கொண்டுவருகிறது. 2022 மார்ச்சில் வேலூர் நகரின் ஒரு வீட்டில், இரவில் மின்னேற்றத்துக்காக நிறுத்தப்பட்டிருந்த மின்வண்டி தீப்பற்றியது. புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் பள்ளிப் பருவத்து மகளும் உயிரிழந்தனர். அவ்வாண்டில் நாட்டின் வேறு சில இடங்களிலும் மின்வண்டிகள் தீப்பற்றின. அதன்பின் மின்கலங்களுக்கான பாதுகாப்புச் சோதனை விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன.

விதி ஒருபுறம் இருக்க, இல்லத்தின் விழிப்பும் தேவை. நெருக்கமான தெருக்களில் உள்ள வீடுகளில் வண்டியை நிறுத்தும் இடம் பெரும்பாலும் வாயிற்படியை ஒட்டிய நடையே. வீட்டுக்கு அது ஒன்றே வெளியேறும் வழியாகவும் இருக்கலாம். அவ்விடத்தில் தீப்பற்றினால் வழி அடைபடும். ஆகவே, வெளியேறும் வழியில் வண்டியை வைத்து மின்னேற்றுதல் கூடாது. வெயிலில் ஓடிவந்த வண்டியின் மின்கலம் ஆறிய பின்னரே மின்னேற்றம் செய்தல் வேண்டும். வண்டியுடன் தரப்பட்ட மின்னேற்றியையே பயன்படுத்துதல் வேண்டும். நில இணைப்புள்ள, நல்ல நிலையில் இருக்கும் மின்செருகியே ஏற்றது. அனைவரும் உறங்கும் நேரத்தைவிட, விழித்திருக்கும் நேரமே மின்னேற்றத்துக்கு உகந்தது.

பயணத்திலும் இதே கவனம் வேண்டும். இருசக்கர வண்டியில் ஓட்டுநருடன் ஒருவர் மட்டுமே அமரலாம் என்கிறது சட்டம். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை அழைத்துச்செல்லும்போது பாதுகாப்புக் கச்சையும் தலைக்கவசமும் அணிவிக்க வேண்டும். விரைவு மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என 2022இல் விதி வகுக்கப்பட்டது. நால்வர் ஒரே வண்டியில் செல்லும் காட்சி நமக்குப் பழகிப்போயிருக்கலாம். பழகியது என்பதால் அது பாதுகாப்பானது ஆகிவிடாது.

பாலாறு கற்பித்த பாடம்

கண்ணெதிரே உள்ள நன்மையை மட்டும் கணக்கிட்டால் என்ன நேரும் என்பதை இப்பகுதி மக்கள் நன்கறிவர். தோல்தொழில் இங்கு ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறிட்டது; நாட்டுக்கு அயல்நாட்டுச் செலாவணியை ஈட்டித்தந்தது. ஆனால், ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் நீர் தேவைப்பட்டது. உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் நிலத்திலும் பாலாற்றிலும் சேர்ந்தது. கிணற்று நீர் குடிக்கத் தகாததாயிற்று. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாயிற்று என்பது நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட ஆய்வு முடிவு.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. தீங்கு நேரும் முன்னரே தடுக்க வேண்டும் என்னும் முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என அத்தீர்ப்பு அறிவித்தது. ஒரு தொழில் செல்வம் ஈட்டித்தருகிறது என்பதற்காக மக்களின் உடல்நலத்தையும் சுற்றுச்சூழலையும் அழிக்க அதற்கு உரிமை இல்லை என்பது அதன் உட்பொருள். இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தைப் பயில்வோர் அனைவரும் இன்று 'வேலூர் வழக்கு' என்று இதனைப் படிக்கின்றனர்.

தீர்ப்பு வந்துவிட்டதால் தீங்கு நீங்கிவிடவில்லை. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. ஆயினும் இழந்த நிலத்தடி நீர் எளிதில் மீள்வதில்லை. இராணிப்பேட்டையில் குரோமிய உப்பு தயாரித்த ஓர் ஆலை 1990களில் மூடப்பட்டது. அங்கு குவிந்த ஓர் இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு, ஆலை மூடப்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் நிலத்துக்குச் சுமையாய்க் கிடந்தது. 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கி, பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு அளிக்கவும் சூழலை மீட்டெடுக்கவும் ஆணையிட வேண்டியிருந்தது.

புகை எங்கே சென்றது?

மின்வண்டிக்குப் புகைக்குழாய் இல்லை. அதனால் பள்ளி வாயிலிலும் கடைத்தெருவிலும் காற்று தூய்மையாக இருக்கும், இரைச்சலும் குறையும். ஆயினும் பாலாற்றின் பாடத்தைக் கற்றவர்கள் மேலும் ஒரு வினாவை எழுப்புவர்: அந்தப் புகை இல்லாமற்போயிற்றா, இடம் மாறிற்றா?

இந்திய மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து கிடைக்கிறது. ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. மின்னேற்றத்தில் ஏற்படும் இழப்பையும் சேர்த்து, 100 கிலோமீட்டருக்கு மூன்றரை யூனிட் எனக் கொண்டால், வெளியாவது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. பெட்ரோல் வண்டி அதே தொலைவுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோவை வெளியேற்றும். எனவே, மின்வண்டியால் புகை ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது, முற்றிலும் நீங்குவதில்லை. முப்பந்தலின் காற்றாலைகளிலிருந்தும் கூரைமேல் உள்ள சூரியத் தகடுகளிலிருந்தும் வரும் மின்சாரத்தின் பங்கு கூடக்கூட, இந்த அளவு மேலும் குறையும்.

மின்கலத்தின் கதையும் இத்தகையதே. லித்தியத்தின் ஒரு பகுதி, சிலி நாட்டின் அட்டகாமா பாலைநிலத்தில் உவர்நீரை ஆவியாக்கி எடுக்கப்படுகிறது. தங்கள் நீர்வளம் குன்றுமோ என அங்கு வாழும் பழங்குடி மக்கள் கவலைகொள்கின்றனர். பாலாற்றங்கரை உழவரின் கவலையும் அதுவே அன்றோ! ஆயுள் முடிந்த மின்கலங்கள் குப்பைமேட்டில் எறியப்பட்டால், அவற்றின் வேதிப்பொருள்கள் மீண்டும் நம் மண்ணிலும் நீரிலும்தான் கலக்கும்.

இதனைத் தடுக்கவே 2022 ஆகஸ்டில் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் வகுக்கப்பட்டன. பயன்படுத்திய மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சார்ந்தது. தவறினால் சுற்றுச்சூழல் இழப்பீடு செலுத்த வேண்டும். மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று வேலூர் வழக்கில் உறுதிசெய்யப்பட்ட கொள்கையே இவ்விதியின் அடிப்படை. பாலாற்றங்கரை மக்களின் துன்பத்திலிருந்து பிறந்த அறம், இன்று நாடெங்கும் ஓடும் மின்வண்டிகளுக்கும் பொருந்துகிறது.

நம் கையில் இருப்பது

இவற்றையெல்லாம் எண்ணி மின்வண்டியை ஒதுக்குதல் பொருந்தாது. பெட்ரோலுக்காகச் செலவிடும் தொகையில் ஒரு பகுதி மிஞ்சினால், அது தொழிலாளர் குடும்பத்துக்குப் பிள்ளையின் படிப்புச் செலவாகும். கேட்டு வாங்குவதே நம் கடமை. இம்மின்கலத்தின் ஆயுள் எத்தனை ஆண்டு? பழைய மின்கலத்தை யார் திரும்பப் பெறுவர்? பாதுகாப்புச் சோதனையில் இது தேறியுள்ளதா? இவ்வினாக்களை வாங்குவோர் எழுப்பினால் விற்பவர் விடையளித்தே ஆக வேண்டும்.

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு மாணவர்கள் விலையில்லா மிதிவண்டி பெறுகின்றனர். பெட்ரோலோ மின்கலமோ வேண்டாத அம்மிதிவண்டியே எல்லாவற்றினும் தூய்மையான ஊர்தி. அருகிலுள்ள இடங்களுக்கு மிதிவண்டி, அதற்கப்பால் பேருந்து, சுமையும் பிள்ளைகளும் சேரும்போது மின்வண்டி எனத் தேவைக்கேற்பத் தெரிவுசெய்தல் நலம். எதைத் தெரிவுசெய்தாலும், நம் பயணத்தின் சுமையை வேறோர் ஊரின் ஆறும் மக்களும் சுமக்கிறார்களா எனக் கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். ஓர் ஆற்றை இழந்து நாம் கற்ற கேள்வி அது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் குடும்பத்தின் ஒருவார இருசக்கர வண்டிப் பயணத் தொலைவைக் குறித்து, பெட்ரோல் வண்டிக்கும் மின்வண்டிக்கும் ஆகும் ஆற்றல் செலவை ஒப்பிட்டு அட்டவணை அமைக்க.
2. உங்கள் ஊரில் பழைய மின்கலங்கள் எங்கே செல்கின்றன என்பதைக் கடைக்காரரிடமும் தூய்மைப் பணியாளரிடமும் கேட்டறிந்து வகுப்பறையில் பகிர்க.

மதிப்பீடு

குறுவினா
1. சுமை ஏற்றுவோர்க்கு மின்மோட்டார் தரும் நன்மை யாது?
2. வேலூர் வழக்கில் உறுதிசெய்யப்பட்ட கொள்கைகள் இரண்டனைக் கூறுக.

சிறுவினா
1. மின்வண்டிக்கு மின்னேற்றம் செய்யும்போது கடைப்பிடிக்க வேண்டியவற்றைக் காரணத்துடன் எழுதுக.
2. 'புகை ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. முற்றிலும் நீங்குவதில்லை' – கணக்கீட்டுடன் விளக்குக.

நெடுவினா
பாலாறு கற்பித்த பாடம் மின்வண்டிப் பயன்பாட்டுக்கும் எவ்வாறு பொருந்துகிறது என்பதைக் கட்டுரைவழி நிறுவுக.