நெல் உலர்த்தியில் அபாய மணி ஒலித்தால்

வலப்பனை, ஹங்குராங்கெத்த, கொத்மலைப் பகுதிகளில் அறுவடைக் காலத்தில் மழையும் பனிமூட்டமும் சேர்ந்துவிட்டால் நெல்லைக் களத்தில் உலர்த்துதல் இயலாது. அவ்வேளையில் எரிவாயு உலர்த்தி பெரிதும் உதவும். உள்ளே செல்லும் காற்று அளவுக்கு மேற் சூடானால் அதன் அபாய மணி ஒலிக்கும். ஓசை தொல்லையென்று மணியின் கம்பியைக் கழற்றிவிடுதல் ஒருபோதும் ஆகாது.

மணி ஒலித்தவுடன் எரிவாயு வால்வை மூடுக. விசிறி சூடு தணியும்வரை ஓடட்டும். ஆயின் புகையோ கருகிய மணமோ எழுந்தால் விசிறியையும் உடனே நிறுத்துக. காற்று நெருப்பை வளர்க்கும்.

பெரும்பாலும் குற்றம் நெருப்பில் அன்று, காற்றோட்டத்திலேயே இருக்கும். காற்றுப் புகும் வலையைப் பதரும் தூசியும் அடைத்திருக்கலாம், பெல்ற் தளர்ந்திருக்கலாம், தூற்றாத நெல்லை மிக உயரமாகக் கொட்டியிருக்கலாம். மோட்டாரின் மும்முனை மின்னிணைப்பை மாற்றியபின் விசிறி எதிர்த்திசையிற் சுழல்வதும் உண்டு. சுழல்கின்றதே என்று அமையாது அம்புக்குறியை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

குளிர்ந்த மலைநாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. சிலிண்டரிலுள்ள திரவம் வாயுவாகும்போது வெப்பத்தை ஈர்த்துக்கொள்ளும். விடியற்காலைக் குளிரில் இதனால் அழுத்தம் குறைந்து சுடர் சிறுக்கும். இயக்குபவர் ரெகுலேற்றரை மேலும் திருப்பிவிடுவார். வெயிலேறிச் சிலிண்டர் சூடானதும் அழுத்தம் மீண்டு சுடர் பெருக்கும். முற்பகலில் மணி ஒலிக்கும். ஆகவே ரெகுலேற்றரைக் குறித்த அளவிலேயே வைத்து, தேவையாயின் தகுந்த இணைப்பில் இரண்டாவது சிலிண்டரைச் சேர்த்தல் நன்று. சிலிண்டரை நெருப்பில் காய்ச்சுதல் உயிருக்கே ஆபத்தானது.

தேயிலைத் தொழிற்சாலையிற் பணிசெய்து பழகியோர் ஒன்றை நினைவிற் கொள்க. தேயிலை உலர்த்தியிற் புகும் காற்று 90 பாகை செல்சியசையும் எட்டும். இலையின் நொதிப்பை நிறுத்துவதே அங்கு நோக்கம். விதைநெல்லோ உயிருடன் இருத்தல் வேண்டும். அதற்கு 43 பாகைக்கு மேற் சூடு ஆகாது. உணவுக்கான நெல்லும் கடுஞ்சூட்டில் விரைந்து உலர்ந்தால் உள்ளே வெடித்து, ஆலையில் குறுநொய்யாகும்.

காற்றோட்டமும் சுடரும் சரியாயிருந்தும் மணி ஒலித்தால், உணர்கருவியின் அருகே வேறொரு வெப்பமானியை வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் உணர்கருவியிற் படிந்த தூசியைத் துடைக்க. அதன்பின்னும் வேறுபட்டால் தொழில்நுட்பவியலாளரை அழைக்க.

மீண்டும் பற்றவைக்குமுன் இணைப்புகளிற் சவர்க்கார நீர் தடவிக் குமிழி எழுகின்றதா எனப் பார்க்க. இவ்வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். எனவே கசிவு இல்லையெனக் கண்டபின், சில நிமிடங்கள் விசிறியை மட்டும் ஓடவிட்டுப் பின்னரே தீயிடுக.