இழுக்கும் சக்கரமும் தள்ளும் சக்கரமும்: புதிதாக ஸ்டியரிங் பிடிப்பவர்களுக்கு

ஸ்டியரிங் பிடித்து நாற்பது வருஷம் தாண்டிவிட்டது. அம்பாசடரில் பழகினேன். மாருதி 800 வந்த பிறகு கையை மறுபடி பழக்கினேன். வேன், சுமோ, குவாலிஸ், இன்னோவா என்று எத்தனையோ வண்டிகளில் வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கியிருக்கிறேன். இப்போது லைசன்ஸ் எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு வரும் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "இந்த வண்டியை ஓட்டுவது முன்சக்கரமா, பின்சக்கரமா?" பாதிப் பேர் முழிக்கிறார்கள். டிரைவிங் ஸ்கூலில் அவர்கள் பழகியது சின்ன கார். வேலைக்கு வந்ததும் முதலாளி சாவி கொடுப்பது பெரிய வேனுக்கு. அதே மூன்று பெடல், அதே கியர். ஆனால் மழையில், வளைவில், இரண்டும் ஒன்றல்ல. பதறும் நேரத்தில் கை பழைய வண்டியைத்தான் ஓட்டும். அந்த ஒரு பயத்தால் இதை எழுதுகிறேன்.

1. எந்தச் சக்கரம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அம்பாசடர், பத்மினி, ஆம்னி, ஈக்கோ, சுமோ, குவாலிஸ், பொலேரோ ஆகியவை பின்சக்கர வண்டிகள். மாருதி 800, ஆல்டோ, ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா ஆகியவை முன்சக்கர வண்டிகள். பெயரை வைத்து முடிவு கட்டாதீர்கள்: இன்னோவா கிரிஸ்டா பின்சக்கரம், 2022-இல் வந்த இன்னோவா ஹைகிராஸ் முன்சக்கரம். முன்னால் இன்ஜின் உள்ள வண்டி என்றால் குனிந்து அடியில் பாருங்கள். கியர் பாக்ஸிலிருந்து நீளமாக ஒரு ஷாஃப்ட் பின்னால் ஓடி, பின் அச்சின் நடுவே குடம் மாதிரிப் புடைத்த கிரவுன் ஹவுசிங்கில் சேர்ந்தால் பின்சக்கரத்துக்கும் விசை போகிறது. மின்சார வண்டியில் இந்த ஷாஃப்ட்டைத் தேடிப் பயனில்லை. மோட்டார் எங்கே இருக்கிறது என்று கையேட்டில் பாருங்கள். நெக்ஸான் இ.வி.க்கு முன்னால், மஹிந்திரா பி.இ. 6-க்குப் பின்னால்.

2. மாட்டு வண்டியையும் தள்ளுவண்டியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மாடு முன்னால் நின்று இழுக்கிறது. அது திரும்பும் பக்கம் வண்டி பின்னாலேயே வருகிறது. முன்சக்கர வண்டி அப்படி. பழம் விற்கிறவர் தள்ளுவண்டியைப் பின்னாலிருந்து தள்ளுகிறார். திரும்பும்போது வேகமாகத் தள்ளினால் பின்பக்கம் ஒருபுறமாக ஓடும். பின்சக்கர வண்டி அப்படி. இதோடு எடைக் கணக்கும் சேர்கிறது. 1959-இல் இங்கிலாந்தில் அலெக் இசிகோனிஸ் தன் மினி காரில் இன்ஜினைக் குறுக்காக வைத்து முன்சக்கரத்தையே ஓட்டவிட்டார். பத்தடி நீளத்தில் நான்கு பேர் உட்கார இடம் கிடைத்தது. 1983 டிசம்பரில் நம் ஊருக்கு வந்த மாருதி 800-ம் அதே அமைப்புதான். இத்தகைய வண்டியில் ஏறக்குறைய அறுபது சதவீத எடை முன்சக்கரத்தின் மேல் இருக்கும். பின்சக்கர வண்டியில் அது முன்னும் பின்னும் ஓரளவு சமமாகப் பிரியும்.

3. டயருக்கு ஒரே சம்பளம்தான்.

தரையைப் பிடிக்கும் சக்தி ஒரு டயருக்கு இவ்வளவுதான் என்று உண்டு. திரும்புவது ஒரு செலவு, வண்டியை நகர்த்துவது ஒரு செலவு, பிரேக் பிடிப்பது ஒரு செலவு. சம்பளம் முழுவதையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் திரும்பக் காசு இருக்காது. முன்சக்கர வண்டியில் முன் டயர் இரண்டும் இந்த மூன்று செலவையும் தாங்குகின்றன. பின்சக்கர வண்டியில் நகர்த்தும் செலவைப் பின் டயர் ஏற்றுக்கொள்கிறது. மழை பெய்தால் சம்பளம் குறைகிறது. தேய்ந்த டயரில் இன்னும் குறைகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அதே வளைவு கேட்கும் செலவோ நான்கு மடங்கு. இனி நான் சொல்லப்போவது எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான்.

4. முன்சக்கர வண்டி திரும்ப மறுத்தால் இன்னும் திருப்பாதீர்கள்.

முதல் முறை முன்சக்கர வண்டியோடு ஆனைமலைப் பக்கம் போனபோது, நனைந்த சாலையில் ஒரு வளைவுக்குள் கொஞ்சம் வேகமாக நுழைந்துவிட்டேன். ஸ்டியரிங்கைத் திருப்பினேன், வண்டி நேராகவே தென்னந்தோப்பைப் பார்த்துப் போனது. இன்னும் திருப்பினேன், இன்னும் நேராகப் போனது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகுதான் முன் டயர் தரையைப் பிடித்தது. அதற்குள் இடப்பக்கச் சக்கரம் மண்ணில் இறங்கியிருந்தது. அன்று கற்றது இதுதான்: முன் டயர் வழுக்கினால் ஆக்சிலரேட்டரை மெதுவாக விடுங்கள். ஸ்டியரிங்கை ஒரு விரற்கடை நேராக்குங்கள். டயர் பிடித்ததும் திருப்புங்கள். நின்றே தீர வேண்டிய அவசரம் என்றால், ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே திருப்பலாம். 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் புதுக் கார்களுக்கு அது கட்டாயம். பழைய வண்டியில் அப்படிச் செய்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஸ்டியரிங் வேலை செய்யாது.

5. பின்சக்கர வண்டி வால் வீசினால் பிரேக்கைத் தேடாதீர்கள்.

வளைவு முடியுமுன் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின் டயர் சுழன்று, வண்டியின் பின்பக்கம் வெளியே ஓடும். உட்கார்ந்திருக்கும் இடுப்பு அதைக் கண்ணுக்கு முன்பே உணரும். ஆக்சிலரேட்டரைத் தளர்த்துங்கள். பின்பக்கம் இடப்புறம் ஓடினால் ஸ்டியரிங்கையும் இடப்புறம் கொஞ்சம் திருப்புங்கள். வண்டி நேரானதும் உடனே ஸ்டியரிங்கையும் நேராக்குங்கள். தாமதித்தால் வால் மறுபக்கம் வீசும், அந்த இரண்டாவது வீச்சு முதலாவதைவிடப் பொல்லாதது. மரத்தைப் பார்த்தால் கையும் மரத்துக்கே போகும். போக வேண்டிய பாதையையே பாருங்கள்.

6. முன்சக்கர வண்டிக்கும் வால் உண்டு.

முன்சக்கர வண்டி வால் வீசாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேகமாக வளைந்துகொண்டிருக்கும்போது பயந்து காலை வெடுக்கென்று எடுத்தாலோ பிரேக்கை மிதித்தாலோ எடை முன்னால் சாயும். பின்பக்கம் லேசாகி வெளியே ஓடும். அப்போது வால் ஓடும் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பி, ஆக்சிலரேட்டரை லேசாகக் கொடுத்தால் முன்சக்கரம் வண்டியை இழுத்து நேராக்கும். இதைவிட எளிய வழி, வேகத்தை வளைவுக்கு முன்பே, நேரான சாலையிலேயே குறைத்துவிடுவது.

7. ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகும்.

மலை ஏறும்போது எடை பின்னால் சாய்கிறது. பின்சக்கர வண்டிக்கு அது உதவி. முன்சக்கர வண்டிக்கு அது நஷ்டம். ஐந்து பேரும் டிக்கி நிறையப் பெட்டிகளும் இருந்தால் முன் டயர் இன்னும் லேசாகும். கொண்டை ஊசி வளைவில் உள்பக்கத்து முன் டயர் கீச்சென்று சுழல்வது அதனால்தான். சுழன்றால் மேலும் மிதிக்காதீர்கள். காலைத் தளர்த்தி, ஸ்டியரிங்கைச் சற்று நேராக்கி, மெல்ல ஏறுங்கள். வளைவில் நிற்க நேர்ந்தால் நனைந்த ஏற்றத்தில் மறுபடி கிளம்புவது பெரும்பாடு. இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நீங்கள் இறங்குகிறவராக இருந்தால் வளைவுக்கு மேலேயே நின்று வழி கொடுங்கள்.

8. இறக்கத்தில் கிளட்ச்சைப் பட்டென்று விடாதீர்கள்.

மலை இறங்கும்போது சின்ன கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் இன்ஜின் பிடிப்பது ஓட்டும் சக்கரத்தை மட்டும். முன்சக்கர வண்டியில் அது எடை சாய்ந்திருக்கும் முன் டயரைப் பிடிக்கிறது. பின்சக்கர வண்டியிலோ ஏற்கெனவே லேசாகிவிட்ட பின் டயரைப் பிடிக்கிறது. ஒரு முறை பயணிகளை மேலே இறக்கிவிட்டு, காலியான பின்சக்கர வேனோடு மழையில் இறங்கினேன். வளைவு நெருங்கியபோது மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கி, கிளட்ச்சைச் சட்டென்று விட்டேன். பின்சக்கரம் ஒரு கணம் பூட்டிக்கொண்ட மாதிரி ஆகி, வண்டி குறுக்கே திரும்பி, பின் பம்பர் தடுப்புச் சுவரில் உரசி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் மூடுபனி. வண்டியில் யாரும் இல்லை என்பதை நினைத்து வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அதனால் சொல்கிறேன்: பிரேக்கில் வேகத்தைக் குறைத்த பிறகு கியரை இறக்குங்கள். கிளட்ச் விடுமுன் ஆக்சிலரேட்டரை ஒரு தொடு தொட்டு இன்ஜின் வேகத்தை உயர்த்துங்கள். கிளட்ச்சை மெல்ல விடுங்கள். இவை மூன்றும் நேரான இடத்திலேயே முடிந்துவிட வேண்டும்.

9. காலி வண்டிதான் மழையில் கவனம் கேட்கும்.

லோடு ஏற்றிய வேன்தான் ஆபத்து, காலி வேன் லேசாக ஓடும் என்று நினைப்பீர்கள். பின்சக்கர வேனும் பிக்கப்பும் காலியாக இருக்கும்போது பின் டயருக்கு அழுத்தம் இல்லை. நனைந்த சாலையில் கொஞ்சம் மிதித்தாலும் வால் ஆடும். சவாரி முடிந்து திரும்பும் வழியில்தான் மனமும் தளர்ந்திருக்கும். இரண்டும் சேரும் நேரத்தில் காலை இன்னும் மெதுவாக வையுங்கள்.

10. புது டயர் இரண்டே வாங்கினால் பின்னால் போடுங்கள்.

முன்சக்கர வண்டியில் முன் டயர்தான் சீக்கிரம் தேயும். அதனால் புது டயரை முன்னால் போடச் சொல்வார்கள். அது தவறு. முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும். காலைத் தளர்த்தினால் பெரும்பாலும் மீளும். பின் டயர் வழுக்கினால் வண்டியே சுற்றும். புதியவரால் பிடிக்க முடியாது. எந்த வண்டியானாலும் நல்ல டயர் பின்னால். பத்தாயிரம் கிலோமீட்டருக்குள் ஒரு முறை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு வந்தால் நான்கும் ஒன்றாகத் தேயும், இந்தக் கேள்வியே வராது.

11. சரிவில் நிறுத்தும்போதும் சக்கரத்தை நினையுங்கள்.

ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரத்தைப் பிடிக்கிறது. முன்சக்கர வண்டியை கியரிலும் போட்டு வைத்தால் முன்சக்கரமும் பிடிபடும், நான்கும் நின்றுவிடும். பின்சக்கர வண்டியில் ஹேண்ட் பிரேக்கும் கியரும் ஒரே பின் அச்சைத்தான் பிடிக்கின்றன. ஆகவே சரிவில் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கட்டையைச் சாலையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். இருட்டில் பைக்கில் வருகிறவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

12. காதையும் திறந்து வையுங்கள்.

முன்சக்கர வண்டியை முழுக்கத் திருப்பும்போது டக் டக் என்று கேட்டால் சி.வி. ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. பின்சக்கர வண்டி கிளம்பும்போது அடியில் டங் என்று கேட்டால் ஷாஃப்ட்டின் கிராஸைப் பாருங்கள். ஓட்டும் சக்கரத்துக்கு விசை போகும் வழி இவை. மலைக்குப் போகுமுன் சரிசெய்துவிடுங்கள்.

13. வண்டி மாறினால் முதல் பத்து கிலோமீட்டர் நீங்கள் மாணவர்.

எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த அண்ணன் புது வண்டி எது வந்தாலும் சவாரிக்கு உடனே அனுப்பமாட்டார். ஆளில்லாத மைதானத்துக்குக் கூட்டிப்போய், சைக்கிள் வேகத்தில் வட்டம் போடச் சொல்வார். "தம்பி, வண்டி உன்னைத் தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடி நீ அதைத் தெரிஞ்சுக்கோ" என்பார். எங்கே பிடிக்கிறது, எங்கே விடுகிறது, கால் தளர்ந்தால் முன்பக்கம் என்ன செய்கிறது என்று உடம்பு கற்றுக்கொள்ளும் வரை விடமாட்டார். தடுப்புச் சுவரில் உரசி நின்ற அந்த வேனை மட்டும் நான் அப்படிப் பழகாமல் எடுத்துப் போயிருந்தேன். ஆகவே சாவியை வாங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். கீழே குனிந்து ஷாஃப்ட்டைப் பாருங்கள். "இது இழுக்கும் வண்டி" அல்லது "இது தள்ளும் வண்டி" என்று வாய்விட்டு ஒரு முறை சொல்லுங்கள். பிறகு பயணிகளை ஏற்றுங்கள்.