அறிவியலை எடுத்துரைக்கவும் ஒரு படிப்பு

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

"பத்தாவது முடிந்ததும் எந்தப் பிரிவு எடுக்கப் போகிறாய்?" இந்த ஆண்டு முழுவதும் இக்கேள்வி எங்களை விடாமல் துரத்தி வந்தது. வீட்டுக்கு வரும் உறவினர் கேட்கிறார்கள். திருப்பலி முடிந்து வெளியே வந்தால் அங்கேயும் யாராவது கேட்கிறார்கள். மருத்துவம், பொறியியல் என்று இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டால் கேட்டவர் முகம் மலர்ந்துவிடும். நானோ, முதலில் அறிவியலில் பட்டம் பெற்று, பிறகு அறிவியலை மக்களுக்கு எடுத்துரைப்பது எப்படி என்பதையே மேற்படிப்பாகப் படிக்க விரும்புகிறேன் என்றேன். என் தந்தை சிரித்துவிட்டார். "பேசுவதற்கு ஒரு பட்டமா? நீதான் பட்டம் இல்லாமலேயே ஓயாமல் பேசுகிறாயே அம்மா!" என்றார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

அப்படி ஒரு படிப்பு உண்மையிலேயே இருக்கிறது. லண்டன் மாநகரிலுள்ள இம்பீரியல் கல்லூரியில் 1991ஆம் ஆண்டு இதற்கென ஒரு முதுநிலைப் பட்ட வகுப்பைத் தொடங்கினார்கள். ஓராண்டுப் படிப்பு. பத்திரிகைக்கு எழுதுதல், வானொலி, திரைப்படம், அருங்காட்சியகம் ஆகியவை ஒருபுறம். அறிவியலின் வரலாறு, அறிவியலுக்கும் சமுதாயத்துக்கும் உள்ள உறவு ஆகியவை மறுபுறம். ஆஸ்திரேலியாவிலோ இன்னும் வேடிக்கை! அங்கே கான்பெராவில் படிப்பவர்கள் 'அறிவியல் சர்க்கஸ்' என்ற பெயரில் சோதனைக் கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு தொலைதூரச் சிற்றூர்களுக்கெல்லாம் போய்ச் செய்து காட்டியிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் என் தம்பி தானும் அதையே படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டான்.

தந்தை விடவில்லை. "மைக்கேல் ஃபாரடே எந்தப் பட்டம் பெற்றார்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகிய ஏழைப் பையன் அவர். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825ஆம் ஆண்டு தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் பத்தொன்பது தொடர்களை அவரே நிகழ்த்தினார். ஒரே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு வேதியியல் முழுவதையும் சிறுவர்களுக்கு விளக்கினாராம். நம் தமிழிலும், பெ. நா. அப்புசாமி வழக்கறிஞராக இருந்துகொண்டே வாழ்நாள் முழுவதும் அறிவியல் கட்டுரைகள் எழுதினார். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தாமே தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இவர்களுக்கெல்லாம் யாரும் பட்டம் கொடுக்கவில்லை. அப்படியானால் படிப்பு எதற்கு?

இதற்கு விடை தேடிப் போனபோது எனக்குக் கிடைத்தது ஓர் ஆட்டுக் கதை.

1985ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. மரபியல் அறிஞர் வால்டர் பாட்மர் தலைமையில் தயாரான அறிக்கை அது. மக்களுக்கு அறிவியல் புரிய வேண்டும், அதை எடுத்துச் சொல்வது விஞ்ஞானிகளின் கடமை என்று அது கூறியது. நல்ல நோக்கந்தான். ஆனால் அக்காலத்தில் பலரும் மக்களை வெற்றுக் குடமாகவே எண்ணினார்கள். குடம் காலியாக இருக்கிறது, நாம் ஊற்ற வேண்டும், நிரம்பிவிட்டால் சொன்னதைக் கேட்பார்கள் என்பது அவர்கள் கணக்கு.

அடுத்த ஆண்டே அந்தக் கணக்குக்குச் சோதனை வந்தது. 1986 ஏப்ரல் 26 அன்று, அப்போது சோவியத் யூனியனில் இருந்த, இன்றைய உக்ரைன் நாட்டிலுள்ள செர்னோபில் அணு உலை வெடித்தது. காற்றோடு கலந்து வந்த கதிரியக்கப் பொருள்கள், மே மாதத் தொடக்கத்தில் பெய்த பெருமழையோடு இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள கம்ப்ரியா மலைகளின் மீதும் இறங்கின. அங்குள்ள மக்களுக்கு ஆடுதான் பிழைப்பு. வேலியில்லாத மலைச்சரிவில் ஆடுகள் தம் போக்கில் மேயும். இது எங்கள் எல்லை என்று தாய் ஆட்டிடமிருந்தே குட்டி கற்றுக்கொள்ளுமாம்.

விஞ்ஞானிகள், கவலை வேண்டாம், பாதிப்பு விரைவில் நீங்கிவிடும் என்றார்கள். ஆனால் ஜூன் 20 அன்று, அப்பகுதி ஆடுகளை விற்கவோ வெட்டவோ கூடாது என்று அரசு தடை விதித்தது. எத்தனை நாளைக்கு? மூன்று வாரத்துக்கு மட்டும் என்றார்கள். மூன்று வாரம் கழிந்தது, கதிரியக்கம் குறையவில்லை. தடை நீண்டது. கடைசித் தடைகள் விலகியபோது ஆண்டு என்ன தெரியுமா? 2012! அதாவது இருபத்தாறு ஆண்டுகள்!

படித்த விஞ்ஞானிகள் எப்படி இவ்வளவு தவறினார்கள்? காரணம் மண்ணில் இருந்தது. கதிரியக்கச் சீசியம் களிமண்ணில் விழுந்தால், களிமண் அதை இறுகப் பற்றிக்கொள்ளும். வேர்களுக்கு எளிதில் எட்டாது. விஞ்ஞானிகள் போட்ட கணக்கு அத்தகைய மண்ணை வைத்துப் போட்டது. கம்ப்ரியா மலை மண்ணோ அப்படிப்பட்டதன்று. மக்கிய செடிகளால் ஆன, அமிலத்தன்மையுள்ள, களிமண் மிகக் குறைந்த கருமண். அதில் சீசியம் கட்டுப்படாமல் திரிந்தது. வேர் வழியாகப் புல்லுக்கு ஏறியது. புல்லிலிருந்து ஆட்டுக்குப் போனது. ஆட்டின் கழிவோடு மீண்டும் மண்ணுக்கு வந்தது. மறுபடியும் புல்லுக்கு ஏறியது.

லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் வின் என்ற ஆராய்ச்சியாளர் அந்த விவசாயிகளிடம் போய்ப் பேசி எழுதியவற்றைப் படித்தால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. ஆடுகளை மலையிலிருந்து இறக்கிப் பள்ளத்தாக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். கீழே உள்ள புல் கொஞ்சந்தான்; இப்போதே மேய்த்துவிட்டால் குளிர்காலத்துக்கு என்ன செய்வது என்று கேட்டால் பதில் இல்லை. வைக்கோல் போடுங்கள் என்றார்களாம். எங்கள் ஆடு வைக்கோலைத் திரும்பிக்கூடப் பார்க்காது என்று விவசாயிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஒரு சோதனைக்காக ஆடுகளை வேலிக்குள் அடைத்து வைத்தபோது, திறந்த மலையில் மேய்ந்த ஆடு அடைத்து வைத்தால் மெலிந்துவிடும், உங்கள் சோதனை பலிக்காது என்று அவர்கள் முன்னமே சொன்னார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. பிறகு அந்தச் சோதனை சத்தமில்லாமல் கைவிடப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. அந்த மலைகளுக்கு அருகே கடலோரத்தில் ஓர் அணு நிலையம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டு அங்கே தீப்பிடித்தபோது சுற்று வட்டாரப் பாலையெல்லாம் கொட்ட வேண்டியதாயிற்று. அதை மறக்காத விவசாயிகள், இந்தக் கதிரியக்கம் முழுவதும் செர்னோபிலிலிருந்து வந்ததுதானா என்று கேட்டார்கள். ஆம், எங்களால் பிரித்தறிய முடியும் என்று அடித்துச் சொன்ன விஞ்ஞானிகள், சுமார் பாதிதான் செர்னோபிலிலிருந்து வந்தது, மீதி பழைய அணுகுண்டுச் சோதனைகளாலும் 1957 தீயாலும் வந்தது என்று பின்னர் ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் உண்மையே சொன்னாலும் யார் நம்புவார்?

நல்ல ஆயன் உவமையை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். மேய்ப்பனுக்குத் தன் ஆட்டைப் பற்றித் தெரியும் என்பதை அந்த விஞ்ஞானிகளில் ஒருவராவது நினைத்துப் பார்த்திருக்கலாம். விவசாயிகள் வெற்றுக் குடங்கள் அல்லர். அவர்களுக்கும் ஓர் அறிவு இருந்தது. அதைக் கேட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை. பிழைப்பு போனது அவர்களுக்கு. கணக்குப் போட்டவர்களுக்கு அன்று.

இந்த ஆட்டுக் கதையைத்தான் இன்று இத்துறை மாணவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு வந்த பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையின் அறிக்கையும், சொல்வது மட்டும் போதாது, மக்களோடு உரையாட வேண்டும் என்று கூறியது. நான் தந்தைக்குச் சொன்ன பதிலும் இதுதான்: பேசக் கற்றுத் தருவதற்கு மட்டும் அந்தப் படிப்பு இல்லை அப்பா, கேட்கவும் கற்றுத் தருகிறார்கள். "அப்படியானால் உனக்குக் கட்டாயம் வேண்டியதுதான்" என்றார்!

உரையாடல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஃபாரடே புத்தகக் கடையில் வேலை செய்தபோது படித்து மகிழ்ந்த வேதியியல் நூலை எழுதியவர் ஜேன் மார்செட் என்ற பெண்மணி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தம் பெயரைக்கூடப் போடாமல் அதை வெளியிட்டார். நூல் முழுவதும் ஓர் ஆசிரியைக்கும் எமிலி, கரோலின் என்ற இரு மாணவிகளுக்கும் நடக்கும் பேச்சு. மாணவிகள் குறுக்கே கேள்வி கேட்பார்கள். உண்மையில், அந்தப் பெண்மணி எல்லோருக்கும் முன்பே இதைக் கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டிலும் 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமைகளுள் ஒன்று. 1982ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவியல் தொடர்புக்கென்று ஒரு தேசியக் குழுவையே அமைத்தது. ஆகவே, 'இதற்கெல்லாம் நம் நாட்டில் வேலை ஏது?' என்று கேட்கும் பெற்றோர் சற்றுப் பொறுக்க வேண்டுகிறேன். முதலில் மேல்நிலையில் அறிவியல் பிரிவு, அதன்பின் இளநிலைப் பட்டம். அதுவரை மற்ற மாணவிகள் போகும் பாதையேதான்.

என் சொந்தக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு அறிவியல் கண்காட்சியில் எங்கள் குழுவுக்குக் கடின நீர் கிடைத்தது. இரண்டு கண்ணாடிக் குவளைகள், ஒன்றில் நுரை வரும், ஒன்றில் வராது. அட்டையில் எழுதியதை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். ஒரு மாணவியின் தாயார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது பாப்பா. மழைத் தண்ணீரில் சீக்கிரம் வெந்துவிடுகிறது. அதுவும் இதனால்தானா?" என்று கேட்டார். நான், "அது எங்கள் பாடத்தில் இல்லை அம்மா" என்று சொல்லிவிட்டு, அடுத்தவருக்கு ஒப்பிக்கத் தொடங்கினேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

பிறகு தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது முற்றிலும் சரி. நீரிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் பருப்பின் செல் சுவர்களிலுள்ள பெக்டின் என்ற பொருளோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகின்றன. அதனால்தான் பருப்பு மசிவதில்லை. எங்கள் அட்டையில் இருந்ததைவிட அவர் அடுப்பில் இருந்தது நல்ல சோதனை. இந்த ஆண்டு அதே மேசைக்கு ஓர் அடுப்பும், இரண்டு பாத்திரமும், கால் கிலோ துவரம்பருப்பும் வேண்டுமென்று கேட்டிருக்கிறேன். அடுப்புக்கு மட்டும் சகோதரி இன்னும் அனுமதி தரவில்லை.