சதுரங்கக் கணிப்பொறிக்கு மனப்பாடம் தேவையா?

சதுரங்கம் ஆடும் கணிப்பொறிக்கு இரண்டு துணைகள் உண்டு. ஒன்று, தொடக்க ஏடு. ஆட்டத்தின் முதற்பகுதியில் எந்த நகர்த்தல்கள் நல்லவை என்று வல்லுநர்கள் கண்டவற்றின் தொகுப்பு அது. மற்றொன்று, இறுதியாட்ட அட்டவணை. சில காய்களே எஞ்சியிருக்கும் ஒவ்வொரு நிலைக்கும் முடிவைக் கணித்து வைத்த வாய்ப்பாடு அது. இவற்றைப் பார்த்து ஆடுவது, நோட்ஸைப் பார்த்துத் தேர்வு எழுதுவது போன்றதன்றோ எனச் சிலர் வினவுவர். விடை காண, இரண்டும் உருவான விதத்தை நோக்குவோம்.

தொடக்க ஏடு மனிதரின் கருத்து. 1997 மே 11-ஆம் நாள் நியூயார்க்கில், ஐ.பி.எம். நிறுவனத்தின் 'டீப் புளூ', உலக வீரர் காஸ்பரோவை ஆறாவது ஆட்டத்தில் 19 நகர்த்தல்களில் வென்றது. அதற்கு வழிவகுத்தது ஒரு குதிரைப் பலி. அதனை இயந்திரம் சிந்தித்துக் கண்டுபிடிக்கவில்லை. அதன் ஏட்டில் முன்பே எழுதப்பட்டிருந்தது. அப்படியானால் அந்த நகர்த்தலின் பெருமை யாருக்கு உரியது?

இறுதியாட்ட அட்டவணையோ கருத்தன்று, நிரூபணம். அரசன் தப்ப வழியின்றித் தோற்ற நிலைகளை முதலில் குறித்து, அங்கிருந்து ஒவ்வொரு நகர்த்தலாகப் பின்னோக்கிச் சென்று அதனை அமைக்கின்றனர். ஒரு நிலையும் விடுபடுவதில்லை. இரண்டு மந்திரிகளைத் தனிக் குதிரை ஒன்று தடுத்துச் சமன் செய்ய முடியும் என்று 1851 முதல் நூல்கள் நம்பி வந்தன. 1980-களில் கென் தாம்சன் அமைத்த அட்டவணை, மந்திரிகளின் பக்கமே பெரும்பாலும் வெல்லும் என்று காட்டியது. நூற்றாண்டுக்கு மேற்பட்ட நம்பிக்கை அன்றே தகர்ந்தது.

2017-இல் வந்த 'ஆல்ஃபாசீரோ' இவ்விரு துணைகளும் இன்றி, விதிகளை மட்டும் அறிந்து, தன்னோடு தானே ஆடிக் கற்றது. 'ஸ்டாக்ஃபிஷ்' என்னும் வலிய நிரலுடன் 100 ஆட்டங்கள் ஆடி, 28-இல் வென்று, 72-இல் சமன் செய்தது. அப்போட்டியில் ஸ்டாக்ஃபிஷுக்கும் தொடக்க ஏடு தரப்படவில்லை என்பதை மறத்தலாகாது. ஆயினும், ஏடின்றியும் தொடக்கத்தைக் கற்கலாம் என்பது புலனாயிற்று.

ஆகவே, அட்டவணையைக் கணிப்பொறி முழுதும் நம்பலாம். ஏட்டைச் சோதித்தே ஏற்க வேண்டும். அட்டவணைக்கும் ஒரு குறை உண்டு. 2012-இல் மாஸ்கோவில் முடிந்த ஏழு காய் அட்டவணையில், வெல்வதற்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட நகர்த்தல்கள் தேவைப்படும் நிலையும் உள்ளது. அது விடையைத் தருகிறது, காரணத்தைத் தருவதில்லை.

மாணவியரே, பெருக்கல் வாய்ப்பாட்டை மனனம் செய்யத் தயங்க வேண்டா. அது என்றும் மாறாத உண்மை. பிறர் எழுதிய விடையையோ, ஏன் என்று கேட்டு, புரிந்த பின்னரே உங்களுடையதாக்கிக் கொள்ளுங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.