கடைசல் லேத்துக்குப் பாகம் வாங்கும் முன்…

அடிவாரத்துப் பட்டறையில் சில்வர் ஓக் கட்டையைக் கடையும்போது லேத் நின்றுவிட்டால், பாகம் வாங்கச் சேலத்துக்குத்தான் ஓட வேண்டும். பொருந்தாததை வாங்கி வந்தால் ஒரு நாள் பிழைப்பு போச்சு. கிளம்பும் முன் இவற்றைக் கவனியுங்கள்.

1. ஸ்பிண்டில் புரியில் மை தடவி, வெள்ளைத் தாளை அழுத்தி எடுங்கள். ஓர் அங்குலத்தில் எத்தனை கோடு என்று எண்ணுங்கள். விட்டம் சரியாக இருந்தும் புரி மாறினால், சக் இரண்டு சுற்றிலேயே இறுகி நின்றுவிடும்.

2. பேரிங் ஓரத்திலுள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 6204 என்றால் உள்விட்டம் 20 மி.மீ., 6205 என்றால் 25.

3. அறுந்த பெல்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். 'ஏ 36' என்றிருந்தால் அகலம் 13 மி.மீ., உள்சுற்றளவு 36 அங்குலம். எழுத்து அழிந்திருந்தாலும் கடைக்காரர் அளந்து தருவார்.

4. டெயில்ஸ்டாக் துளையின் வாயை அளந்து பாருங்கள். சுமார் 12 மி.மீ. இருந்தால் மோர்ஸ் டேப்பர் 1, சுமார் 18 இருந்தால் 2. சரிவு ஒத்துப்போகாத சென்டர் பிடிக்காது, கழன்றுவிடும்.

5. லேத்தின் பெட்டை நீட்டுவதானால் மைய உயரத்தையும் இரு தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியையும் எழுதிக்கொள்ளுங்கள். மாடல் தகட்டைப் போட்டோ எடுங்கள். ஒரு மி.மீ. பிசகினாலும் சென்டர்கள் நேருக்கு நேர் நிற்காது.

6. திரும்பி வந்து புதிய பாகத்தை மாட்டியதும், பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். உரசல் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.